வைத்தவர்தான் எடுக்க வேண்டும்

எங்கள் பட்டறை மேட்டில் இருக்கிறது. மேடென்றால் மூச்சு வாங்கும் மேடு. இந்த இடத்தைப் பார்த்ததும் பழுதான லாரிகளை இழுக்கும் ரெக்கவரி வண்டி நிறுத்த இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று என் வீட்டுக்காரர் சொன்னபோதே, இந்த மனிதருக்குக் கண் இருக்கிறதா என்று கேட்டேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எங்கள் வாசலில் எந்த வண்டி வந்து நின்றாலும் ஓடிப்போய்ச் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை வைப்பது என் தலையெழுத்தாகிவிட்டது. ஸ்கூட்டரானாலும் சரி, சிமெண்ட் லாரியானாலும் சரி, நின்றால் கட்டை.

கட்டையை நான்தான் அறுப்பேன், நான்தான் மஞ்சள் பூசி நடுவில் ஒரு சிவப்புக் கோடு இழுப்பேன். கோடு எதற்கென்றால், பக்கத்துக் கடைக்காரர்கள் கதவுக்கு அண்டை கொடுக்க எங்கள் கட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கோடு இருந்தால் அது எங்களுடையது என்று தெருவுக்கே தெரியும். கட்டைக்கு ஒரு சட்டமும் உண்டு. டிரைவர் ஏறி உட்கார்ந்து, பிரேக்கை மிதித்து, கையை வெளியே நீட்டிக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் கட்டையை எடுக்கலாம். எடுப்பதும் யார் வைத்தார்களோ அவர்தான். வேறு யாரும் தொடக் கூடாது. என் வீட்டுக்காரர் பேசுவதே அபூர்வம், ஆனால் இந்த ஒன்றை மட்டும் வேலைக்கு வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார். "வச்சவங்கதான் எடுக்கணும். நீ வைக்கலையா, கை வைக்காத." ரெக்கவரித் தொழிலில் இருக்கிற எவரும் அடுத்தவர் வைத்த கட்டையைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வைத்தால் வைத்ததுதான் என்று அப்படி ஒரு நம்பிக்கை.

பாலத்து மறியல் மாதக்கணக்கில் நீண்டுகொண்டிருந்த நேரம். லாரி டிரைவர்கள் இத்தனை மணி ஓட்டினால் இத்தனை மணி தூங்கியே ஆக வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. அதை அரசாங்கம் எடுத்துவிட்டது. சரக்குத் தாமதமாகிறதாம். டிரைவர்கள் கத்தவில்லை, கொடி பிடிக்கவில்லை. நகரத்துக்குள் வரும் பெரிய பாலத்தின் சரிவில் லாரிகளை வரிசையாக நிறுத்தி, பிரேக்குக் காற்றை இறக்கிவிட்டு, கேபினுக்குள் படுத்துத் தூங்க ஆரம்பித்தார்கள். காற்றை இறக்கிவிட்டால் பெரிய லாரியின் பின்சக்கரங்கள் தாமாகவே இறுகிக்கொள்ளும். யானை வந்து தள்ளினாலும் நகராது. தூக்கத்தைப் பிடுங்கினால் இங்கேயே தூங்குவோம் என்பதுதான் அவர்கள் கோரிக்கை, கோஷம், எல்லாம்.

அந்த வரிசையில் எல்லாவற்றுக்கும் கீழே, சரிவின் கீழ்ப்பக்கமாக மூக்கை வைத்து நின்ற லாரி என் தம்பியுடையது. சின்ன வயதிலிருந்து அவனுக்கு எங்கள் வீட்டில் பெயரே தூங்குமூஞ்சிதான். பள்ளிக்கூட மணி அடித்தும் எழுந்திருக்காதவன். "உன்னை மாதிரி ஆளுக்குன்னே ஒரு போராட்டத்தைக் கண்டுபிடிச்சிருக்காங்கடா" என்று நான் போனில் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தான். "அக்கா, நான்தான் அவங்களுக்கே தூங்கக் கத்துக்குடுத்தேன்" என்றான். பிறகு குரல் இறங்கியது. "விளையாட்டு இல்லக்கா. போன மாசம் ஓட்டிக்கிட்டே கண்ணசந்துட்டேன். முழிச்சுப் பார்க்கிறேன், ஒரு பொண்ணு சைக்கிளைத் தள்ளிக்கிட்டு முன்னாடி நிக்குது. ஒரு முழம்க்கா, அவ்வளவுதான் இடைவெளி." அதற்குப் பிறகு நான் கேலி செய்வதை நிறுத்திக்கொண்டேன்.

அவசரச் சட்டம் வந்ததை டிவியில்தான் பார்த்தோம். அறிவித்தவர் முகத்தில் ஒரு சுருக்கமில்லை. கூட்டம் கூடக் கூடாது, பாலத்தின் பக்கம் போகக் கூடாது, நடவடிக்கையைப் பற்றி வெளியே பேசக் கூடாது, தேவைப்பட்ட வாகனத்தையும் ஆளையும் அரசு எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கடைசி வரியைக் கேட்டதும் நான் எழுந்துபோய்ப் பட்டறையில் நின்ற எங்கள் வண்டியைப் பார்த்தேன். லாரிகளை இழுக்க அரசாங்கத்திடம் வண்டி ஏது? நகரத்தில் கனரக ரெக்கவரி வண்டி வைத்திருக்கிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எல்லோரும் டிரைவர்களிடம் பிழைப்பவர்கள். ஒருவர் வண்டியை மாமனார் ஊருக்கு அனுப்பிவிட்டார், இன்னொருவர் எஞ்சினைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு நெஞ்சுவலி என்று படுத்துக்கொண்டார். எங்களவர் கொக்கியைத் தூக்க வைக்கும் ஹைட்ராலிக் குழாயைக் கழற்றி என் அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தார். ஒளித்து வைக்க வேறு இடமே கிடைக்கவில்லையாம். எண்ணெய் நாற்றம் பிடித்த அரிசியை அந்த வாரம் முழுவதும் தின்றோம்.

மறுநாள் மதியம் ஒரு ஜீப் வந்து வாசலில் நின்றது, மூக்கைக் கீழே வைத்துக்கொண்டு. பழக்கதோஷம், நான் கட்டையோடு ஓடினேன். ஜீப் ஓட்டி வந்தவர் சிரித்தார்.

"நல்லா வையுங்கம்மா. ஹேண்ட் பிரேக் சும்மா பேருக்குத்தான் இருக்கு. எழுதிப் போட்டு வருஷமாச்சு, எவன் பார்க்கிறான்" என்றார்.

இறங்கிய அதிகாரி அப்படியெல்லாம் சிரிக்கிறவர் இல்லை. ஆனால் பேச்சு இருக்கிறதே, அத்தனை மென்மை. நான் அவருக்கு மனதுக்குள் சர்க்கரை என்று பெயர் வைத்தேன். பட்டறைக்குள் வந்து, நின்றுகொண்டிருந்த எங்கள் ரெக்கவரி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். குதிரையைப் பார்ப்பதுபோல அதன் பக்கவாட்டில் தட்டிக்கொடுத்தார்.

"வண்டி பழுதுங்க சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்படியா. பரவாயில்ல. எங்ககிட்ட மெக்கானிக் இருக்காங்க. எடுத்துட்டுப் போய் சரி பண்ணிக்கிறோம்" என்றார் சர்க்கரை. "என்ன, வண்டி திரும்பி வர்றது கொஞ்சம் கஷ்டம். நீங்களும் எங்ககூடவே இருக்க வேண்டியிருக்கும். எவ்வளவு நாள்னு இப்ப சட்டத்துல சொல்லலை."

நாக்கு எனக்கு எப்போதுமே ஒரு சாண் நீளம். "எங்க தம்பி லாரியும் அங்க நிக்குது சார். எங்க கையாலேயே இழுக்கச் சொன்னா எப்படி?" என்று கேட்டேன்.

"தெரியும்மா" என்றார். "அதனாலதான் முதல்ல உங்ககிட்ட வந்தேன். தெரிஞ்சவங்க வந்தா உங்க தம்பி அடம் பிடிக்காம இறங்கிடுவாரு. மத்த ஆளுங்க வந்தா கண்ணாடிய உடைச்சு, இழுத்துப் போட்டு, என்னத்துக்கு அதெல்லாம். விடிஞ்சதும் வந்துடுங்க."

அவர் போகும்போது ஜீப்காரர் ஏறி உட்கார்ந்து, மிதித்து, கையை நீட்டிக் காட்டினார். நான் கட்டையை எடுத்தேன். எல்லாம் முறைப்படி நடந்தது.

அன்று மாலை என் வீட்டுக்காரர் அரிசி டப்பாவிலிருந்து குழாயை எடுத்துத் துடைத்து மாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

"உங்களுக்கு ரோஷமே கிடையாதா? அவன் முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"நான் போகலைன்னா வேற ஒருத்தன் போவான்" என்றார், வண்டிக்கு அடியிலிருந்தே. "அவன் பிரேக்கை எடுக்கத் தெரியாம அச்சை முறிப்பான். மாப்ள வண்டி ஒரு கீறல் இல்லாம வரணும்னா நான்தான் போகணும். நீயும் வா. உன் பேச்சுக்குத்தான் அவன் இறங்குவான்."

எங்களிடம் வேலை பார்த்த ஆள் அவசரச் சட்டம் என்றதுமே ஓடிப்போயிருந்தார். கட்டை வைக்கவும் ஓர் ஆள் வேண்டும். இதற்கு மேல் என்ன பேச? தம்பி உயிரோடும் உடம்போடும் இறங்கி வந்தால் போதும், லாரி போனால் போகிறது, மானம் போனால் போகிறது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன்.

விடிந்தும் விடியாமலும் பாலத்துக்குப் போனோம். சாலை அப்படிக் காலியாகக் கிடந்து நான் பார்த்ததில்லை. போன் வேலை செய்யவில்லை. பாலத்தடியில் கேடயம் பிடித்தவர்கள் வரிசையாக நின்றார்கள். முகத்தை மூடிய இன்னொரு படையும் இருந்தது. எந்த ஊரிலிருந்து கொண்டுவந்தார்களோ, அவர்கள் தங்களுக்குள்கூடப் பேசிக்கொள்ளவில்லை. எங்கள் வண்டியின் கதவிலிருந்த பெயரின் மேல் ஒருவர் கறுப்புக் காகிதத்தை ஒட்டினார். "உங்க பாதுகாப்புக்குத்தான்" என்றார். ஒலிபெருக்கி சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தது. தடி, கல், இரும்பு, எறியக்கூடிய எந்தப் பொருளும் பாலத்தின் மேல் இருக்கக் கூடாது, கண்டால் பறிமுதல்.

டிரைவர்கள் அதற்குள் விழித்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஒருவரும் இறங்கவில்லை. கேபினுக்குள் உட்கார்ந்து எங்களையே பார்த்தார்கள். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு நடக்க முடியாமல் என் வீட்டுக்காரர் பின்தங்கினார். தம்பியின் லாரிக்குப் போய் நான்தான் கதவைத் தட்டினேன். கண்ணாடியை இறக்கினான். தாடி மண்டிக்கிடந்தது.

"நீங்கதானா" என்றான். என்னைக் கேட்டானா, அவரைக் கேட்டானா தெரியவில்லை.

"இறங்குடா" என்றேன். "அக்கா சொல்றேன், இறங்கு. கையைப் பிடிச்சு இழுத்துத் தரையில தேய்ப்பாங்க. அதை என்னால பார்க்க முடியாது."

"மாமா கொக்கியோட நிக்கிறதை மட்டும் நான் பார்க்கணுமா?"

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு கீறல் படாது மாப்ளே" என்றார். அவ்வளவுதான் அவருக்குச் சொல்லத் தெரிந்தது.

தம்பி கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கையே பார்த்தான். அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு இறங்கினான். எனக்காகத்தான் இறங்கினான். இறங்கும்போது, "தூங்குமூஞ்சியை எழுப்பிட்டியேக்கா" என்று சொல்லி என் தோளில் ஒரு தட்டுத் தட்டினான். அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. இரண்டு காவலர்கள் அவனை அழைத்துப்போய்ப் பாலத்தின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். சரிவின் அடியில், கேடயக்காரர்களுக்குப் பின்னால், பிடித்து உட்காரவைத்த பெண்களும் இருந்தார்கள். பாலத்துக்கு ரொட்டியும் தேநீரும் கொண்டுவந்து கொடுத்தவர்கள். அவர்களும் குற்றவாளிகளாம்.

நான் முன்சக்கரங்களின் அடியில் இரண்டு கட்டையையும் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினேன். என் வீட்டுக்காரர் லாரிக்கு அடியில் நுழைந்து, பின்சக்கரங்களை இறுக்கிப் பிடித்திருந்த பிரேக்குகளை ஒவ்வொன்றாகத் திருகி விடுவித்தார். இனி அந்த லாரிக்குப் பிரேக் கிடையாது. எங்கள் கட்டைதான் பிரேக். அது ஏறுகிறவருக்குத் தெரிய வேண்டும் என்று ஸ்டீயரிங்கில் சிவப்புத் துணியைக் கட்டினார். இந்தத் தொழிலில் சிவப்புத் துணி என்றால் பிரேக் இல்லை என்று எல்லா டிரைவருக்கும் தெரியும். பிறகு எங்கள் வண்டியைப் பின்னோக்கி எடுத்து லாரிக்கு முன்னால் கொண்டுவருவதற்காகக் கீழே நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. கட்டையை வைத்தது நான். வைத்தால் வைத்ததுதான்.

"பொம்பளைங்க இங்க நிக்கக் கூடாது, கீழ போங்க" என்று ஒருவர் என்னை விரட்டினார். சர்க்கரை அங்கேதான் இருந்தார். அவரிடம் போய், "சார், அந்தக் கட்டையை யாரும் தொட வேண்டாம்னு சொல்லுங்க. பிரேக் எடுத்தாச்சு" என்றேன். தலையை ஆட்டினார். காதில் விழுந்ததா, விழாமலே ஆட்டினாரா, இன்றுவரை தெரியாது. அவர் யாரிடமும் எதையும் சொல்லி நான் பார்க்கவில்லை.

முகமூடிப் படை சாக்கோடு வந்தது. லாரிகளுக்கு நடுவே கிடந்த கொடிக்கம்பு, செங்கல், சோறு பொங்கிய அடுப்புக்கல், ஜாக்கி ராடு எல்லாவற்றையும் சாக்கில் போட்டுக்கொண்டே கீழே வந்தது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஒருவன் தம்பி லாரியின் அந்தப் பக்கத்தில் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் கையில் மஞ்சள் தெரிந்தது. இந்தப் பக்கம் வந்து குனிந்தான். நான் வாயைத் திறந்தேன். சத்தம் வந்ததா என்று எனக்கே தெரியாது, ஒலிபெருக்கி அலறிக்கொண்டிருந்தது.

லாரி உடனே ஓடிவிடவில்லை. யோசிப்பதுபோல ஒரு கணம் நின்றது. பிறகு மெல்ல, ரொம்ப மெல்ல நகர்ந்தது. கட்டை எடுத்தவன் அதற்குள் அடுத்த சாமானைப் பொறுக்கப் போய்விட்டான். கேடயக்காரர்கள் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்கள். முதலில் கண்டது தம்பிதான். தன் வண்டியின் நகர்வு அவனுக்குத் தெரியாதா? காவலரின் கையை உதறிவிட்டு ஓடினான். சுடு, பிடி என்று சத்தம். ஓடுகிற லாரியின் படியில் தாவி, கதவைத் திறந்து உள்ளே போனான். சிவப்புத் துணி அவன் கண்ணில் பட்டிருக்கும். பட்ட பிறகும் குதிக்கவில்லை. எஞ்சின் ஓடாத லாரியின் ஸ்டீயரிங் கல்லாக இருக்கும். அவன் அதன் மேல் உடம்பு முழுவதையும் போட்டுத் திருப்புவது கண்ணாடி வழியே எனக்குத் தெரிந்தது. கேடயக்காரர்கள் சிதறி ஓடினார்கள். உட்காரவைத்திருந்த பெண்களுக்கு எழுந்திருக்கவே நேரமில்லை. லாரி அவர்களுக்கு நாலு எட்டு முன்னால் வளைந்து, பாலத்தின் பக்கச் சுவரில் மோதி நின்றது.

கேபின் உள்ளே மடிந்துவிட்டது. அவன் கால்கள் இரண்டும் அதற்குள்ளே இருந்தன.

என்னை அவன் பக்கத்தில் விடவில்லை. கதவை அறுத்து எடுத்தார்கள், அவனைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். உயிர் இருக்கிறது என்று மட்டும் ஒரு நர்ஸ் பிறகு சொன்னாள். வார்டு வாசலில் துப்பாக்கியோடு ஆள். தம்பி மனைவி தினமும் போய்த் மாற்றுத்துணிப் பையோடு நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள்.

டிவியில் அன்று மாலையே வந்துவிட்டது. "போராட்டக்காரர் ஒருவர் பாதுகாப்புப் படையினர் மீது லாரியை ஏற்றிக் கொல்ல முயன்றார்." படம் எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? அவன் படியில் தாவுகிற இடத்திலிருந்து. அதற்கு முந்தியது எதுவும் இல்லை. பார்க்கிற எவருக்கும் அவன் ஓடிப்போய் ஏறி லாரியைக் கிளப்பியதுபோலத்தான் தெரியும். அன்று அங்கே இல்லாமல் இருந்திருந்தால் நானே நம்பியிருப்பேன். இப்படிப்பட்ட ஆட்கள் இருப்பதால் அவசரச் சட்டம் இன்னும் நீட்டிக்கப்படுகிறது என்றார், அந்தச் சுருக்கமில்லாத முகத்துக்காரர். அப்புறம் ஒரு நீளமான மேசையைக் காட்டினார்கள். பாலத்தில் பிடிபட்ட பயங்கர ஆயுதங்கள். கம்பு, செங்கல், ஜாக்கி ராடு. அதற்குப் பக்கத்தில் நம்பர் எழுதிய அட்டையோடு, மஞ்சள் நிறத்தில், நடுவில் சிவப்புக் கோடு போட்டு, என் கட்டை இரண்டும்.

என் வீட்டுக்காரர் டிவிக்கு மிக அருகில் போய் உட்கார்ந்தார். படம் மாறின பிறகும் எழுந்திருக்கவில்லை.

"போய்ச் சொல்லுங்க" என்றேன். "பிரேக்கை எடுத்தது நான், கட்டையை எடுத்தது அவங்கன்னு சொல்லுங்க. அவன் நிறுத்தத்தான் ஏறினான்னு சொல்லுங்க. கொலைகாரன்னு சொல்றாங்க, காது கேட்குதா உங்களுக்கு?"

"வெளிய பேசக் கூடாதுன்னு சட்டம்" என்றார்.

"சட்டத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க."

அவர் டிவியை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். அதற்கு மேல் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவரோடு பேசவும் இல்லை. சாப்பாட்டை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். தெருவிலும் எங்களோடு பேச்சு நின்றுபோனது. ஒரு பாதி, கொலைகாரன் வீடு என்று ஒதுங்கியது. மறு பாதி, மச்சான் லாரியையே இழுக்கப் போனவன் என்று ஒதுங்கியது. கீழ் முனையில் பால்கடை வைத்திருக்கிற அம்மாள் மட்டும், நான் பால் வாங்கப் போனால், என் முகத்தைப் பார்க்காமல் கொடுப்பாள்.

சில நாள் கழித்து ஒரு மதியம் அதே ஜீப் வந்தது. முன்போலவே மூக்கைக் கீழே வைத்துக்கொண்டு நின்றது. ஜீப்காரர் பிரேக்கை மிதித்தபடி கட்டைக்காகக் காத்திருந்தார். நான் கட்டையை எடுத்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றுவிட்டேன். வைக்காமலே வைத்துவிட்டேன் என்று கையைக் காட்டினால் என்ன என்று தோன்றியது. பொய் சொல்ல மாட்டேன், நன்றாகவே தோன்றியது. கீழே பால்கடையில் ஆட்கள் நின்றார்கள், ஒருத்தி இடுப்பில் குழந்தையோடு. குனிந்து வைத்தேன். ஜீப்காரர் இறங்கித் தண்ணீர் குடிக்கக் குழாய்ப் பக்கம் போனார்.

சர்க்கரை உள்ளே வந்து, நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இந்த மஞ்சள் கட்டை இன்னும் இருக்காமே" என்றார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போறோம். யாராவது கேட்டா, முன்னாடியே திருட்டுப் போச்சுன்னு சொல்லிடுங்க. போராட்டக்காரங்க திருடிட்டாங்க. அவ்வளவுதான் விஷயம்."

"எங்க தம்பி?" என்றேன்.

"உயிரோட இருக்காரில்ல?" என்றார் அதே மென்மையோடு. "அப்படியே இருக்கட்டும்னுதானே எல்லாரும் நினைக்கிறோம்."

அந்த வார்த்தை எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே துடைத்தார்.

கூட வந்த இரண்டு காவலர்களும் பட்டறையில் கிடந்த கட்டைகளை எல்லாம் அள்ளி ஜீப்பின் பின்னால் போட்டார்கள். பாதி அறுத்ததைக்கூட விடவில்லை. சர்க்கரை வெளியே வந்து எண்ணுவதுபோல ஒரு பார்வை பார்த்தார். ஜீப்பின் சக்கரத்தடியில் மஞ்சள் தெரிந்தது.

"அதையும் எடுத்துக்க" என்றார்.

"டிரைவர் ஏறட்டும் சார்" என்றேன். "அவர் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்கட்டும். நான் எடுத்துத் தர்றேன்."

"எடுன்னா எடு" என்றார். என்னிடம் இல்லை, காவலரிடம். முதன்முதலாக அந்தக் குரலில் சர்க்கரை இல்லை.

காவலர் குனிந்து பிடுங்கினார்.

ஜீப்பும் ஒரு கணம் யோசித்தது. பிறகு மெல்ல நகர்ந்தது. ஜீப்காரர் வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு ஓடி வந்தார், எட்டவில்லை. "ஓடுங்க, ஓரமாப் போங்க" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். பால்கடையில் நின்றவர்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். குழந்தையோடு இருந்தவளை அந்தக் கடைக்கார அம்மாள் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஜீப் அவர்கள் நின்ற இடத்தின் மேலேயே ஏறி, கடைக்குப் பக்கத்து விளக்குக்கம்பத்தில் மோதி, முன்சக்கரம் சாக்கடைக்குள் இறங்கி நின்றது. பின்னால் அடுக்கியிருந்த கட்டைகள் தெருவெல்லாம் உருண்டன.

சத்தம் அடங்கியது. வீடுகளிலிருந்து ஆட்கள் வெளியே வந்தார்கள். பால்கடை அம்மாள் ஜீப்பைப் பார்த்தாள், காலியாக இருந்த டிரைவர் இருக்கையைப் பார்த்தாள், மேட்டின் மேல் காவலர் கையில் இருந்த மஞ்சள் கட்டையைப் பார்த்தாள். பிறகு, இத்தனை நாளுக்கப்புறம், என் முகத்தைப் பார்த்தாள்.

"டிவியில காட்டினது இதுதானே" என்றாள்.

சர்க்கரை கழுத்துப் பட்டியைச் சரிசெய்துகொண்டார். முகத்தில் ஈயாடவில்லை. என் வீட்டுக்காரரிடம் திரும்பி, "உங்க வண்டியை எடுங்க. ஜீப்பைத் தூக்கணும்" என்றார்.

"வராது சார்."

"பழுதா?"

"வண்டி நல்லா இருக்கு. நான் வரமாட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டார். குரலைத் தெருவுக்கே கேட்கும்படி உயர்த்தினார். வாழ்நாளில் அவர் அத்தனை சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

"அன்னைக்குப் பாலத்துல லாரிக்குப் பிரேக்கை எடுத்தது நான். கட்டையை வச்சது இவ. எடுத்தது உங்க ஆளு, இப்ப எடுத்த மாதிரியே. என் மாப்ள அதை ஓட்டலை. நிறுத்தப் போனான். உங்க ஆளுங்க மேலயும் பொம்பளைங்க மேலயும் ஏறாம இருக்கத்தான் சுவத்துல கொண்டுபோய் மோதினான்."

"நடவடிக்கையைப் பத்திப் பேசினா என்னன்னு தெரியுமில்ல?" என்றார் சர்க்கரை, பழைய மென்மைக்குத் திரும்பி.

"தெரியும் சார்."

ஜீப் இல்லாததால் என் வீட்டுக்காரரை நடத்தித்தான் கூட்டிக்கொண்டு போனார்கள். மேட்டிலிருந்து முனைவரை, தெரு பார்க்க. ஒருவரும் தடுக்கவில்லை. ஒருவரும் உள்ளே போகவும் இல்லை. போகும்போது என்னிடம் வந்து, சாப்பிட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொள் என்றார். அத்தனை நாள் சோற்றை வைத்துவிட்டு நகர்ந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

கட்டையைப் பிடுங்கிய காவலர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு பின்தங்கி நின்றார். முகம் வெளுத்திருந்தது. நான் கையை நீட்டினேன். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கொடுத்தார், ஓடிப்போய் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டார்.

அதைக் கொண்டுபோய் எங்கள் ரெக்கவரி வண்டியின் சக்கரத்தடியில் வைத்துக் காலால் உதைத்து இறுக்கினேன். பால்கடை அம்மாள் தெருவில் உருண்டு கிடந்த ஒரு கட்டையை எடுத்துத் தன் கடைக்குள் கொண்டுபோவது தெரிந்தது. இன்னொரு வீட்டுக் கதவும் திறந்து, ஒரு கை ஒரு கட்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

முனையில் பெரிய வண்டிகள் திரும்பும் சத்தம் கேட்டது. ஒன்றில்லை, பல. எங்கள் வண்டியை எடுத்துப்போகத்தான் இருக்கும். நான் வாசலை விட்டு நகரவில்லை. என் வீட்டுக்காரர் வந்து ஏற வேண்டும், பிரேக்கை மிதித்துக் கையை நீட்டிக் காட்ட வேண்டும். அதுவரை இந்தக் கட்டையை எடுக்கிற உரிமை எனக்கு மட்டும்தான் என்று சொல்லிக்கொண்டு, அதன் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தேன்.